அப்பாவுக்கு லீவு

பெரட்டுக் களத்தில் அன்று காலை எல்லோருடைய உடுப்பிலும் மஞ்சள் கறை இருந்தது.

முந்தின நாள்தான் அம்மன் திருவிழாவின் மஞ்சள் தண்ணீர் விளையாட்டு. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் ஒரு நாளில் அந்தக் கறை போகாது. கொழும்பிலிருந்து வந்திருந்த பையன்களின் விலை கூடிய டீசேர்ட்டிலும் மஞ்சள். வரிசை வீடுகளான லயத்தில் திரிகிற நாயின் முதுகிலும் மஞ்சள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ராசாத்தி அத்தைக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் நின்றேன். பாதம் விறைத்துப் போயிருந்தது. பனிமூட்டம் சவுக்கு மரங்களுக்கு நடுவில் அப்படியே நின்றது.

முத்துவேல் கங்காணி களத்து ஓரத்தில் நட்டிருந்த கல்லுக்கு முன்னால் வந்து தொண்டையைச் செருமினார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் என் அப்பாவின் பெயரைக் கூப்பிடப் போகிறார். சண்டைக் காலத்தில் செத்தவர்களின் பெயரைக் கூப்பிடுகிற இடம் அது. அங்கே அப்பாவின் பெயர் வருவது அதுதான் முதல் தடவை. கூப்பிட்டதும் நான் பதில் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆனால் பதில் சொன்னால், இத்தனை வருசம் காணாமல் போனவராக இருந்த அப்பா, என் வாயால் செத்தவராகிவிடுவார்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் சில்லென்றுதான் இருந்தது.

மடுவத்துப் படிக்கல்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் அம்மாவின் சாவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு பசறை டவுனில் போனுக்கு ரீலோட் போடுகிற கடை அண்ணன், "ஏன் தங்கச்சி, அப்பாவப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?" என்று கேட்டார். அவருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்துப் பிழைகளையெல்லாம் பத்திரிகையில் ஒரு அக்கா திருத்திப் போடுகிறார். விசயம் மட்டும் என்னுடையது.

மடுல்சீமைக்கும் மேலே, பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்துக்கும் அப்பால் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசன். அங்கே காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடம்தான் பெரட்டுக் களம். கங்காணி பெயர் பெயராகக் கூப்பிடுவார். வந்தவர்கள் "இருக்கேங்க" என்று சொல்ல வேண்டும். வராதவர்களுக்கு வீட்டு ஆள் யாராவது காரணம் சொல்ல வேண்டும். பிறகு யார் எந்த மலைக்குப் போவது என்று சொல்லி அனுப்புவார்.

அந்தக் களத்தின் ஓரத்தில் ஒரு கல் நட்டிருக்கிறது. முன்னே கொழுந்து நிறுக்கிற மடுவம் ஒன்று இருந்து இடிந்து விழுந்ததாம். அதன் வாசல் படிக்கல் அது. எத்தனையோ பேர் கூடையோடு ஏறி இறங்கி நடுவில் தேய்ந்து குழிந்த கல். அதைத் தூக்கி நிறுத்தி வெள்ளைப் பெயின்டால் பெயர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் எங்கள் டிவிசனிலிருந்து வெளியே போய், சண்டையில் அகப்பட்டவர்கள். விஜயகுமார் அண்ணன் ஆமியில் சிப்பாயாக இருந்தார். பத்மாவதி அக்கா கொழும்பில் வீட்டு வேலை செய்தவள். பஸ்ஸில் குண்டு வெடித்து இறந்தாள். இன்னும் சிலர் வடக்கே வன்னிப் பக்கம் நெல் வெட்டப் போனவர்கள். யார் அடித்து யார் செத்தார்கள் என்று கல்லில் இல்லை. சண்டை என்ற சொல்லும் இல்லை. மேலே ஒரே ஒரு வரி இருக்கிறது: "வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள்."

கல் நட்ட புதிதில் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, இதில் எவன் அந்தப் பக்கம், எவன் இந்தப் பக்கம் என்று விசாரித்தாராம். முத்துவேல் கங்காணி, "ஒக்கொம வத்தே மினிஸ்ஸு, மாத்தயா" என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் தோட்டத்து ஆட்கள்தான் ஐயா. பொலிஸ்காரர் கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்துவிட்டு, ஒரு குவளை சாயத்தண்ணி, அதாவது பால் ஊற்றாத தேநீர், குடித்துவிட்டுப் போய்விட்டாராம்.

லீவு கொடுக்கிற வழக்கம்

முதல் வருசம் கல்லுக்கு முன்னால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லையாம். பூசாரி இது கோயில் காரியம் இல்லை என்று வரவில்லை. பேசுவதற்குத் தலைவர்மார் யாரும் வேண்டாம் என்று சனங்கள் சொல்லிவிட்டார்கள். கொழும்புப் பிள்ளைகள் பஸ் ஏறுவதற்கு முன்னால் இதை வைக்க வேண்டும் என்பதால் மஞ்சள் தண்ணீருக்கு மறுநாள் என்று மட்டும் முடிவானது. காலையில் எல்லோரும் வந்தார்கள். பெரட்டுக் களம் என்பதால் பழக்கத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

வரிசையில் ஆள் நின்றால் கங்காணிக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

"விஜயகுமார்!"

பிறகு விஜயகுமார் அண்ணனின் அம்மா பின்னாலிருந்து, "இருக்காங்க!" என்றாளாம்.

கங்காணிக்கு அடுத்தது என்ன சொல்வதென்று தெரியவில்லை. மலை நம்பர் சொல்லி அனுப்பவா முடியும்? "இன்னைக்கு வேல இல்லப்பா. லீவு. வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா அப்படியே கீழே உட்கார்ந்து அழுதாளாம். மகன் செத்ததிலிருந்து அவள் அழுததே இல்லையாம்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். பெயர் கூப்பிடுவார், வீட்டு ஆள் "இருக்காங்க" என்று சொல்வார்கள், கங்காணி லீவு கொடுப்பார். கல்லுக்கு முன்னால் ஒரு குவளை சாயத்தண்ணியும், ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் வைப்போம். வேலைக்குப் போனவர்கள்தானே. போதும் வா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

குவளை கழுவுகிற சத்தம்

என் அப்பா சந்திரசேகரன் மேசன் வேலைக்காரர். சண்டை கொஞ்சம் நின்று பாதை திறந்திருந்த காலத்தில் வன்னிக்கு வீடு கட்டப் போனார். அப்போது நான் சின்னப் பிள்ளை. பாதை மறுபடி மூடியது. அப்பா வரவில்லை. அவரைப் பற்றி எனக்கு இருக்கிற ஞாபகம் அவருடைய விரல்கள்தான். சுண்ணாம்பு பட்டு வெடித்து, சொரசொரவென்று, கன்னத்தைத் தொட்டால் கூசும்.

அவர் பெயரைக் கல்லில் எழுத அம்மா விடவில்லை. "அவரு இன்னும் வரல. அவ்வளவுதான்" என்பாள்.

ஆனால் ஒவ்வொரு வருசமும் அன்றைக்குச் சாயத்தண்ணி ஊற்றுவது அம்மாதான். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பெயர் கூப்பிடத் தொடங்கியதும் குவளைகளை அள்ளிக்கொண்டு பைப்புக்குப் போய்விடுவாள். அங்கே நின்று தடபுடவென்று கழுவுவாள். கழுவின குவளையையே திரும்பக் கழுவுவாள். சத்தத்தில் பெயர் எதுவும் அவள் காதில் விழாது.

கடைசி பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தால் லயத்தில் எங்கள் அறையான காம்பராவின் கதவைத் திறந்து வைப்பாள். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் மேலேறிப் போன பிறகுதான் மூடுவாள். குளிர் உள்ளே வந்து எனக்குக் கோபம் வரும். நான் எதுவும் சொன்னதில்லை.

கடைசி ஒரு வருசம் அம்மாவுக்கு இழுப்பு வந்து எழும்ப முடியவில்லை. நான்தான் தனியாகப் பெரட்டுக்குப் போவேன். கங்காணி "லெட்சுமி!" என்று கூப்பிடுவார். நான், "சொகமில்லீங்க!" என்று கத்துவேன். "சொகமில்லன்னா வீட்டுல படுக்கச் சொல்லு" என்பார். தினமும் இதே பேச்சுதான். என்னோடு கொழுந்து எடுக்கிற பிள்ளைகள் எனக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். "அடியே சொகமில்லீங்க, இங்க வாடி, இந்தப் பக்கம் நெறைய கொழுந்து இருக்கு" என்பார்கள்.

ஒரு நாள் கங்காணி அம்மாவின் பெயரைக் கூப்பிடவில்லை. அதற்கு முந்தின நாள்தான் அம்மாவின் பாடையை எடுத்திருந்தோம்.

பெரிய பொட்டு

அம்மாவைக் குளிப்பாட்டியது ராசாத்தி அத்தை. அப்பாவின் தங்கச்சி. மஞ்சள் பூசி, கூறைச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, நெற்றியில் கட்டைவிரல் அளவுக்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். அம்மா அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. சுமங்கலியாகப் போகிறவளிடம் குங்குமம் எடுத்துக்கொள்ள பெண்கள் வரிசையில் வந்தார்கள்.

அப்போது மேல் லயத்துப் பூங்கொடி அக்கா, "புருசன் இருக்கானா போயிட்டானான்னே தெரியல, இதுல இம்மாம் பெரிய பொட்டு" என்று முணுமுணுத்தாள்.

அத்தை நிமிர்ந்தாள். "எங்கண்ணன் செத்தத நீ பாத்தியாடி? பாத்தியா? பாக்கலைல்ல? வாய மூடிக்கிட்டு குங்குமத்த எடு."

பூங்கொடி அக்கா எடுத்தாள்.

பீலிக்கரையில்

இந்த வருசத் திருவிழாவில் மஞ்சள் தண்ணீர் முடிந்து, சாயங்காலம் அத்தையும் நானும் பீலிக்கரையில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தோம். மலையிலிருந்து வருகிற தண்ணீர் மூங்கில் குழாய் வழியாகக் கொட்டுகிற இடம் அது. கழுவக் கழுவ மஞ்சளாக ஓடியது.

"தர்சினி, நாளைக்கு உங்கப்பன் பேரக் கூப்புடச் சொல்லிட்டேன்" என்றாள் அத்தை.

நான் கையிலிருந்த பாவாடையைக் கல்லில் போட்டேன். "யாரக் கேட்டு சொன்னீங்க?"

"யாரக் கேக்கணும்? எங்கண்ணன்."

"எனக்கு அப்பா. நீங்கதான அம்மாவுக்கு பொட்டு வச்சு அனுப்புனீங்க? நாளைக்கு பேரக் கூப்புட்டா அம்மா யாரு? தாலியறுத்தவன்னுதான சொல்லுவாங்க? அம்மாவ இனிமேயும் அசிங்கப்படுத்தணுமா?"

"எவ சொல்லுவா?"

"பூங்கொடியக்கா சொல்லுவாங்க. அன்னைக்கு அவங்ககிட்ட என்னா சொன்னீங்க? எங்கண்ணன் செத்தத பாத்தியான்னு கேட்டீங்கல்ல?"

அத்தை சவர்க்காரக் கையோடு நின்றாள். நுரை முழங்கையில் வழிந்தது.

"அவ பாக்கல" என்றாள். "பாத்தவன் என்கிட்ட வந்து சொன்னான்."

அப்பாவோடு ஒன்றாக வேலை செய்த ஒருவர், சண்டை முடிந்து கொஞ்ச காலத்தில், பசறைச் சந்தையில் அத்தையைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். செல் குண்டு விழுந்தது. அப்பா உடனே போய்விட்டார். அந்த ஆளே பனை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். அடையாளத்துக்கு, தலைமாட்டில் அப்பாவின் சாந்துக் கரண்டியை நட்டுவிட்டு வந்தார்.

"ஒடனேயாம்டி. ஒரு வேதனையும் படலயாம். நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன்."

"அம்மாகிட்ட?"

"சொல்லத்தான் வந்தேன். வாசல்ல கால வைக்க முந்தியே என் மொகத்தப் பாத்துட்டா. 'ராசாத்தி, நீ என்னா கேள்விப்பட்டிருந்தாலும் சரி, சாயத்தண்ணியக் குடிச்சிட்டுப் போயிரு'ன்னா. குடிச்சேன். போயிட்டேன்."

அத்தை மூக்கை மேல்கையால் துடைத்தாள்.

"வருசா வருசம் முத்துவேல் கேப்பான், அண்ணன் பேரக் கூப்புடவான்னு. நான்தான் வேணாம்னேன். மதினி பொட்டோட போகட்டும்னு இருந்தேன். போயிட்டா. பெரட்டுல கூப்புடாத பேருக்குக் கணக்கு இல்ல. அவ போன அன்னைக்கு அண்ணன் பேர யாரும் கூப்புடல. அதனால அவ சுமங்கலிதான், எவளும் இனிமே மாத்த முடியாது. ஆனா எங்கண்ணன்? அங்க உள்ள எல்லாருக்கும் லீவு குடுத்தாச்சு. அவன் மட்டும் இன்னும் எங்கயோ செவரு பூசிக்கிட்டே நிக்கிறான் தர்சினி. போதும்டி."

நான் பீலிக்குக் கீழே தலையைக் கொடுத்தேன். அழுததை மறைக்க இல்லை. தலை கொதித்தது.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருசமும் என் மனசுக்குள் நிறைய அப்பாக்கள் இருந்தார்கள். ஜெயிலில் இருக்கிற அப்பா. தன் பெயரே மறந்து ரோட்டில் திரிகிற அப்பா. கால் இல்லாமல் எங்கேயோ ஒரு மடத்தில் படுத்திருக்கிற அப்பா. வவுனியாவில் வேறு ஒரு பெண்ணோடும் வேறு ஒரு மகளோடும் இருக்கிற அப்பா. இவரைத்தான் நான் அதிகம் நினைத்தேன். அவர் மேல் கோபப்படலாம், அது லேசாக இருந்தது. ஒவ்வொருவரையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பனை மரத்தடியில் ஒரே ஒரு அப்பா. தலைமாட்டில் அவருடைய கரண்டி. மற்றவர்கள் எல்லாம் எழும்பிப் போய்விட்டார்கள். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. தலையில் மாட்டியிருந்த கொழுந்துக் கூடைக் கயிற்றைக் கழற்றினால் கழுத்து தானாக நிமிருமே, அது மாதிரிதான் இருந்தது.

"சரி, கூப்புடட்டும்" என்றேன். "நான் சொல்றேன்."

என் வாயில் வந்தது

ஆனால் களத்தில் நின்றபோது வாய் காய்ந்துவிட்டது. இந்த வருசம் பைப்படியில் குவளை கழுவ யாரும் இல்லை. அதனால் ஒவ்வொரு பெயரும் தெளிவாகக் கேட்டது.

"விஜயகுமார்!"

"இருக்காங்க!" அந்த அம்மாவின் குரல் இப்போது மெலிந்துவிட்டது.

"லீவு. வீட்டுக்குப் போகலாம். பத்மாவதி!"

"இருக்காங்க!" அவள் தம்பி, காதில் கடுக்கன், கையில் கொழும்பு பேக்.

"லீவு. வீட்டுக்குப் போம்மா."

ஒவ்வொருவராக முடிந்தார்கள். முத்துவேல் கங்காணி கொஞ்சம் நிறுத்தினார். அப்பாவும் அவரும் ஒரே வயசாம். ஒன்றாகப் பந்து விளையாடினவர்களாம்.

"சந்திரசேகரன்!"

என்னால் முடியவில்லை. வரிசை முழுவதும் முன்னால் பார்த்துக்கொண்டே என்னைக் கவனித்தது தெரிந்தது. பூங்கொடி அக்காவும் எனக்குப் பின்னால்தான் நின்றாள்.

"சந்திரசேகரன்! மேசன்!"

அத்தை முழங்கையால் விலாவில் இடித்தாள். நான் திடுக்கிட்டு வாயைத் திறந்தேன். பெரட்டுக் களம், காலை நேரம், கங்காணியின் குரல், பதில் வராத ஒரு பெயர். ஒரு வருசமாகத் தினமும் கத்தின தொண்டை அதுவாகவே கத்திவிட்டது.

"சொகமில்லீங்க!"

களம் அப்படியே நின்றுவிட்டது. மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. என் காது இரண்டும் எரிந்தது. செத்தவர்களுக்கு முன்னால், இத்தனை வருசம் காத்திருந்து, நான் இதையா சொன்னேன்?

முதலில் அத்தையின் மூக்கிலிருந்துதான் ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பின்னால் பூங்கொடி அக்கா, "ஐயோ, செத்த மனுசனுக்கு சொகமில்லையாம்!" என்றாள். அவ்வளவுதான். வரிசை உடைந்தது. கொழும்புப் பையன்கள் பேக்கைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். விஜயகுமார் அண்ணனின் அம்மா பல் இல்லாத வாயைச் சேலையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணீர் வந்து, பிறகு எது எது என்று தெரியவில்லை.

கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. விறைப்பாக நின்று, தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"சொகமில்லன்னா வீட்டுல படுக்கச் சொல்லு. லீவு."

சொல்லிவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் ஆடியது. சிரிப்பா அழுகையா என்று நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

கல்லுக்கு முன்னால் அத்தை சாயத்தண்ணியும் ரொட்டியும் வைத்தாள். "எங்கண்ணன் இருந்திருந்தா அவன்தான் மொதல்ல சிரிச்சிருப்பான்" என்றாள்.

"அப்பா எப்புடிச் சிரிப்பாரு அத்த?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, விக்கல் எடுக்கிற மாதிரி, ஹிக் ஹிக் என்று சிரித்துக் காட்டினாள். பக்கத்தில் நின்ற கங்காணி துண்டை இறக்கிவிட்டு, "அதேதான். அச்சு அசல் அதேதான்" என்றார்.

விரலோடு சேர்த்து எனக்கு இப்போது ஒரு சிரிப்பும் இருக்கிறது.

கிளம்புகிறபோது பூங்கொடி அக்கா வந்து என் பக்கத்தில் நின்றாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று பயந்தேன். "உங்கம்மாகிட்ட எடுத்த குங்குமம் இன்னும் சாமித் தட்டுல இருக்கு" என்றாள். "தீரத் தீர அதுல புதுசு கலந்துதான் வச்சுக்கிறேன்." வேறு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கடைசி பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. பிறகு விட்டுவிட்டேன். கதவு மூடியே இருந்தது. காம்பரா கணகணவென்று சூடாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் வழக்கமான பெரட்டு. மஞ்சள் கறை கொஞ்சம் மங்கியிருந்தது. கங்காணி பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"தர்சினி!"

நான் வாயைத் திறக்கும் முன்னால், பின் வரிசையிலிருந்து எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்: "சொகமில்லீங்க!"

கங்காணி தலையைத் தூக்கிப் பொய்க் கோபத்தோடு என்னைப் பார்த்தார். "என்னா புள்ள, சொகமில்லையா?"

"சொகமாத்தாங்க இருக்கேன்" என்றேன்.

"அப்ப எட்டாம் நம்பர் மலைக்குப் போ."

கூடையை மாட்டிக்கொண்டு போனேன்.